பத்திரத்தின் பின்பக்கம்

நஞ்சப்பனின் கண் கலங்கியதைப் பச்சியப்பனால் பார்க்க முடியவில்லை. தலையைக் குனிந்துகொண்டான்.

"வூட்டுக் கடனை நில அடமான பாங்கிக்கு மாத்திக்கலாம்னு இருக்கறேண்ணே. அங்க வட்டி பாதிதானாம். காசிதான் புடுங்கறா" என்று பழியைத் தூக்கி மனைவி காசியம்மாளின் தலையில் போட்டான்.

பதினேழு வருடத்துக்கு முன்னால் கோமாரியில் எருது இரண்டும் செத்து, மழையும் ஏமாற்றியபோது, அதியமான்கோட்டையில் அவனுக்குக் கடன் கொடுக்க ஆளில்லை. வீட்டை அடமானமாக எழுதி வாங்கிக்கொண்டு இருநூறு ரூபாய் கொடுத்தவர் நஞ்சப்பன்தான். அப்பேர்ப்பட்ட மனிதரிடம் வட்டி பேச நாக்குக் கூசியது.

நஞ்சப்பன் துண்டால் கண்ணைத் துடைத்தார்.

"போறதுன்னா நல்லபடியா போ பச்சியப்பா. இருநூறுல இருபது ரூபா தள்ளிக்கறேன். ஆனா இந்த வாரத்துக்குள்ள முடிச்சிரு. நாளைக்கே போலாம், நானும் கூட வர்றேன்."

போன வாரம்தான் சேலத்தில் வக்கீல் வீடுவரை அலைந்துவிட்டு வந்திருந்தார். இந்தச் சித்திரை வெயிலில் நம்மால் மறுபடியும் அலைச்சலா என்று பச்சியப்பனுக்கு வேதனையாகிவிட்டது.

வீட்டில் களி இறங்கவில்லை. "கேக்காமலே இருபது ரூபா தள்றாரு. நாம நன்றி கெட்டவங்க காசி" என்றான்.

"பேசாம தின்னுங்க. முதலு அப்படியேதான நிக்குது? பசங்க தலையிலயும் இந்தக் கடனைக் கட்டிட்டுப் போவப் போறீங்களா?" என்றாள் அவள்.

மறுநாள் தருமபுரி பாங்கியில் காரியதரிசி விண்ணப்பத்தை வாசித்துக் காட்டினார். நூற்று எண்பது ரூபாய், இருபது வருடத் தவணை. பச்சியப்பனின் கட்டைவிரலில் மை தடவினார்கள்.

விரல் காகிதத்துக்கு மேலேயே நின்றது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த நஞ்சப்பனின் முகத்தைப் பார்க்கப் பார்க்கத் துரோகம் செய்வதுபோல் இருந்தது.

"ஏன் யோசிக்கறீங்க? இவருகிட்ட வட்டி ஜாஸ்தின்னுதான மாத்தறீங்க?" என்றார் காரியதரிசி.

பச்சியப்பனுக்குச் சுருக்கென்றது.

"அப்படிச் சொல்லாதீங்க சாமி! அண்ணன் தங்கமான மனுசன். வருசம் இருபத்தி நாலு ரூபா, பதினேழு வருசம் கட்டிட்டேன். ஒரு தடவைகூட விடாம பத்திரத்துக்குப் பின்னால வரவு எழுதியிருக்காரு. நீங்களே பாருங்க!"

நஞ்சப்பன் அவன் காலை மிதித்தார். புகழ்ந்தால் கூச்சப்படுகிறார் என்று நினைத்த பச்சியப்பன், அவர் மடியிலிருந்த பத்திரத்தை மை படாத கையால் உருவி மேஜைமேல் வைத்தான். செய்கிற துரோகத்துக்கு இந்த ஒரு நல்ல வார்த்தையாவது சொன்னோமே என்று கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

காரியதரிசி பின்பக்கத்தைத் திருப்பி, வாய்க்குள் முணுமுணுத்தபடி கூட்டினார். நானூற்று எட்டு ரூபாய். பேனாவைக் கீழே வைத்துவிட்டு நஞ்சப்பனை நிமிர்ந்து பார்த்தார்.

நஞ்சப்பன் சுவரிலிருந்த 1938ஆம் வருடக் காலண்டரை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். நெற்றியில் வியர்வை வழிந்தது.

பச்சியப்பன் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். ஏதோ உளறி, நல்ல மனிதரை மாட்டிவிட்டோமோ?

"என்னால அண்ணனுக்கு ஏதாச்சும் தொல்லையாயிருச்சுங்களா?" என்றான், அழாக்குறையாக.

காரியதரிசி ஒரு பழந்துணியை அவன் பக்கம் நகர்த்தினார்.

"முதலுக்கு ரெண்டு மடங்கு கட்டியிருந்தா பழைய கடன் தீர்ந்துச்சுன்னு போன மாசமே சட்டம் வந்திருச்சு, விரலைத் தொடைங்க, வூடு உங்களுது."