இன்னும் பூக்கவில்லை

எழுந்ததும் ஃப்ரிட்ஜைத் திறக்கிறேன். என் மனைவி தேவிப்பிரியா ஆய்வுக்காக இலைகளைப் போட்டுவைத்த உறைகளை ஓரமாகத் தள்ளிவிட்டுப் பால் பாக்கெட்டை எடுக்கிறேன். பாலைக் காய்ச்சுகிறேன். ஒரு டம்ளர் காபி குடிக்கிறேன். குளியலறை மக்கில் தண்ணீர் பிடித்துக்கொண்டு பால்கனிக்குப் போகிறேன்.

செடிக்கு ஊற்றுகிறேன். தொட்டி தளும்பும் வரை.

இன்று கீழ்வீட்டு வீராசாமி கொடியிலிருந்து துண்டை இழுத்துக்கொண்டே தலையைத் தூக்கினார்.

"இன்னா நைனா, கள்ளிக்குப்பம் ஃபுல்லா வெயில் கொளுத்துது, எங்கூட்டுக்கு மட்டும் தெனம் மழையா?"

"பாத்து ஊத்துறேன் சார்" என்றேன். தினமும் அதைத்தான் சொல்கிறேன்.

விரல் உயரச் செடி. கொரட்டூர் ஏரி ஓரத்திலிருந்து தேவிப்பிரியா கொண்டுவந்தது. செடியைப் பார்த்து அது எந்த இனம் என்று சொல்வதுதான் அவள் வேலை. இதற்கு அவளால் சொல்ல முடியவில்லை. பூவைப் பார்க்காமல் சொல்ல முடியாது என்றாள்.

மரபணுச் சோதனை முடிவு அவள் போன பிறகு வந்தது. இதுவரை தெரிந்த எந்த இனத்தோடும் இது ஒத்துப்போகவில்லை.

அவளோடு ஒரே ஆய்வகத்தில் இருந்த ரேஷ்மா சனிக்கிழமைகளில் வருவாள். இன்றும் வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே கண் பால்கனிக்குப் போனது.

"இன்னும் பூக்கலையாண்ணா?"

தலையை ஆட்டினேன்.

குனிந்து இலைகளைப் புரட்டிப் பார்த்தாள். "கொழுகொழுன்னுதான் இருக்கு. இதுக்கு மேல என்னதான் வேணுமாம் இதுக்கு?"

காபி கொடுத்தேன்.

ஏரியில் மறுபடி தேடிவிட்டு வந்திருந்தாள். பேன்ட் ஓரமெல்லாம் சேறு. செடி இருந்த இடத்தில் இப்போது ஒன்றுகூட இல்லை. இனி இந்தத் தொட்டியில் இருப்பதுதான்.

பூத்தால் என்ன செய்வார்கள் என்று முதல் தடவை வந்தபோதே சொல்லியிருக்கிறாள். வேரோடு பிடுங்குவார்கள். செய்தித்தாளுக்கு நடுவில் வைத்து அழுத்திக் காயவைப்பார்கள். அட்டையில் ஒட்டி, எண் போட்டு, அலமாரியில் வைத்துப் பூட்டுவார்கள். புது இனத்துக்குப் பெயர் வைக்க அதுதான் முறை. தொட்டியில் வளரும் செடியைக் காட்டினால் போதாது.

பெயரை முடிவு செய்துவிட்டார்கள். கண்டுபிடித்தவர் தன் பெயரைத் தானே வைத்துக்கொள்வது அவர்கள் வழக்கமில்லை. மற்றவர்கள் வைக்கலாம். தேவிப்பிரியாவின் பெயரைத்தான் வைக்கப்போகிறார்கள்.

ரேஷ்மாவுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்திருக்கிறது. அடுத்த மாதம் போகிறாள். அதற்குள் பூத்தால் பெயரை அறிவிக்கும் ஆய்வுக் கட்டுரையை முடித்துவிடுவாள். அவள் போன பிறகு இதை யாரும் கையில் எடுக்கமாட்டார்கள்.

டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு என் முன்னால் வந்து நின்றாள்.

"எனக்கு இலையை அரைச்சு டிஎன்ஏ எடுக்கத்தான் தெரியும்ணா. செடி வளர்க்கிறதெல்லாம் அக்காதான். இதைப் பத்தி உங்ககிட்ட ஏதாவது சொன்னாங்களா?"

"இல்ல."

பால்கனியை இன்னொரு தடவை எட்டிப் பார்த்தாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டாள். படியில் இறங்கும் சத்தம் கேட்டது. கேட் சாத்தும் சத்தமும் கேட்டது.

மக்கில் மறுபடி தண்ணீர் பிடித்தேன். தொட்டி ஏற்கெனவே நிறைந்துதான் இருந்தது. ஊற்றினேன். வழிந்தது. கீழே வீராசாமி ஏதோ கத்தினார்.

தேவிப்பிரியா போன அன்று காலை, அவள் வாசலில் நின்று ஹெல்மெட் மாட்டிக்கொண்டிருந்தாள். நான் இதே மக்கோடு பால்கனிக்குப் போய்க்கொண்டிருந்தேன். எஸ்டேட் சாலையில் அந்த லாரி வருவதற்கு இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது.

"ஊத்தாதப்பா. ஏரி வத்தினாதான் இது பூக்கும். காய விடு."