வில்லை குத்திய காது

கடனில் வாங்கிய மாடு செத்தால், எண் போட்ட வில்லையோடு அதன் காதை அறுத்து இன்சூரன்ஸ் ஆபீசில் கொடுக்க வேண்டும். ஜவ்வாது மலையில் எல்லாருக்கும் இது தெரியும். எண்பத்து மூன்றாம் வருஷம் அர்ச்சுனன் உயிருள்ள மாட்டின் காதை அறுத்தான்.

“இன்னா பண்ற? உசுரோட கீற மாட்டு காதையா அறுக்கற?” என்று அவன் மனைவி அம்மாக்கண்ணு கேட்டாள். அவன் காதை உப்பில் புரட்டி, மாடு செத்துவிட்டதாகச் சொல்லி ஆபீசில் கொடுத்தான். மாட்டைச் செங்கம் சந்தையில் விற்றான். இன்சூரன்ஸ் பணமும் வந்தது. யாரோ போட்டுக் கொடுத்ததில் வழக்கும் வந்தது.

மாட்டை வாங்கியவனைப் போலீசால் கண்டுபிடிக்க முடியவில்லை. மிஞ்சியது காது மட்டும்தான். உப்பில் உலர்ந்து, பழைய செருப்புத் தோல் மாதிரி கோர்ட் மேஜைமேல் கிடந்தது.

“மாடு செத்தது நெஜமாய்யா?” என்றார் மாஜிஸ்திரேட்.

“தை மாசமே பூட்ச்சுங்க. நான்தாங்க பொதச்சேன்.”

ஒரு ஈ வந்து காதின்மேல் உட்கார்ந்தது. காது சட்டென்று ஒருமுறை ஆடியது. ஈ பறந்துபோனது.

குமாஸ்தா நாற்காலியைப் பின்னால் நகர்த்திக்கொண்டார். மாஜிஸ்திரேட் பேனாவைக் கீழே வைத்தார்.

“இன்னொரு தடவ சொல்லு” என்றார்.

ஈ மேலே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடியும் இறங்கி வந்தது. அர்ச்சுனன் கூண்டிலிருந்து கையை நீட்டி அதை விரட்டப் பார்த்தான். எட்டவில்லை.