பதினேழாம் எண் டப்பா

மிச்ச மாத்திரைகளை எண்ணுவதற்காக, நர்ஸ் தங்கையின் டப்பாவை முதலில் கையில் எடுத்தார்.

அக்கா பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

எட்டு வாரத்துக்கு முன்னால் இதே மேசையில்தான் இருவருக்கும் டப்பா கொடுத்தார்கள். அக்காவுக்குப் பதினேழாம் எண், தங்கைக்குப் பதினெட்டு. அப்பா விட்டுவிட்டுப் போன ஒரே சொத்து, நினைத்த நேரத்தில் தறிகெட்டு ஓடும் இதயம். அதை மட்டும் இருவரும் சண்டையில்லாமல் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

இரண்டு மருந்தில் எது மேல் என்று பார்க்கும் சோதனை அது. ஒன்று துடிப்பின் வேகத்தை மட்டும் குறைக்கும். இன்னொன்று தாளத்தையே நேராக்கப் பார்க்கும். மாத்திரைகள் பார்வைக்கு ஒன்றுபோலவே இருந்தன. எந்த டப்பாவில் எது என்று டாக்டருக்கே தெரியாதாம்.

அக்காவுக்கு நல்லதாகத்தான் வந்திருக்கும், அவளுக்கு எப்போதும் அப்படித்தானே என்று தங்கை அன்றே முணுமுணுத்தாள்.

அக்கா காதில் போட்டுக்கொள்ளவில்லை. வீட்டுக்குப் போனதும் டப்பாவின் அடியில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு பொட்டு வைத்தாள். பஸ் ஓட்டுகிறவள் அவள். டெப்போவில் எல்லாருடைய டிபன் பாக்ஸும் தண்ணீர் பாட்டிலும் ஒரே மாதிரி இருக்கும். தன் பொருள் எதுவானாலும் அடியில் பொட்டு வைத்துவிடுவாள்.

நான்கு வாரமாகியும் அவள் நெஞ்சு அடங்கவில்லை. மாடி வீட்டுத் தங்கையோ படியில் தாவித் தாவி இறங்கினாள். போகிற போக்கில் அக்காவின் வாசலில் நின்று, தன் நாடியைப் பிடித்து, எழுபத்திரண்டு வரை சத்தமாக எண்ணிக் காட்டிவிட்டுப் போனாள்.

நாடி சீரானால்தான் டாக்டர் கடிதம் தருவார். கடிதம் இருந்தால்தான் அக்காவுக்குப் பஸ் சாவி. அதுவரை டெப்போ ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து மற்ற டிரைவர்களுக்குச் சாவி எடுத்துக் கொடுக்க வேண்டியதுதான்.

தங்கை மொட்டைமாடியில் துணி காயப்போடும் நேரம் பார்த்து, அக்கா தன் டப்பாவோடு மாடி வீட்டுக்குள் நுழைந்தாள். எண் ஸ்டிக்கர் இரண்டையும் உரித்து, மாற்றி ஒட்டி, தன்னுடையதை அங்கே வைத்துவிட்டுத் தங்கையின் டப்பாவை எடுத்துக்கொண்டு வந்தாள். ஸ்டிக்கருக்கு நீராவி காட்ட வேண்டியிருக்கும் என்று நினைத்திருந்தாள். நகம் பட்டதுமே உரிந்து வந்தது.

அந்த டப்பாவுக்குப் பொட்டு வைக்கவில்லை. அடியைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. திருட்டுப் பொருளுக்கு என்ன அடையாளம் வேண்டிக்கிடக்கிறது?

மறுவாரமே நெஞ்சு பெட்டிப்பாம்பாக அடங்கியது. தங்கை படியில் பாதி ஏறி நின்று மூச்சு வாங்கினாள். அதைப் பார்த்த நாளிலிருந்து அக்காவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கடிதம் போனால் போகட்டும், நர்ஸிடம் சொல்லிவிடுவோம் என்றுதான் இன்று கிளம்பி வந்திருந்தாள். வந்து உட்கார்ந்தும் இன்னும் சொன்னபாடில்லை.

அவரவர் மாத்திரையைத்தானே சாப்பிட்டீர்கள் என்று நர்ஸ் வழக்கப்படி கேட்டார்.

"எங்க வீட்டுல அடுத்தவங்க பொருளைத் தொடுற பழக்கமே கிடையாது சிஸ்டர்" என்றாள் தங்கை.

நர்ஸ் அவளுடைய டப்பாவைத் தட்டில் கவிழ்த்தார். அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். அடியில் இருக்கும் சிவப்புப் பொட்டு யாருடையது என்று தங்கைக்கு நன்றாகத் தெரியும்.

கண்ணைத் திறந்தபோது டப்பாவின் அடி வெள்ளை வெளேரென்று இருந்தது.

அடுத்து பதினேழு கவிழ்ந்தது. அடியில் சிவப்புப் பொட்டு.

அக்கா இரண்டு டப்பாவையும் மாறிமாறிப் பார்த்தாள். தன் மாத்திரையையா தானே திருடினாள்? அப்படியானால் அது அதற்கு முன்னால் மாடிக்கு எப்படிப் போனது? ஸ்டிக்கர் ஏன் அவ்வளவு சுலபமாக உரிந்தது?

திரும்பிப் பார்த்தாள். தங்கை சுவரில் மாட்டியிருந்த இதயப் படத்தைப் பரீட்சைக்குப் படிப்பதுபோலப் படித்துக்கொண்டிருந்தாள்.

அக்கா நர்ஸுக்கு எதிரே ஒரு நாற்காலியை இழுத்து அவளைப் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

"முதல்ல நீ சொல்லு. நீதானே ஆரம்பிச்சே."