இடது இருக்கை

2017 ஜூன் மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை, ஜெர்மனியின் கீல் நகரிலிருந்து ஒரு சிறு விமானம் டென்மார்க்கின் ஏரோ தீவுக்குக் கிளம்பியது. அங்கே விமானிகளின் வருடாந்திரக் கூட்டம். எப்போதும் ஓட்டிப்போகும் ஹென்னிங், விமானியின் இடது இருக்கையை இம்முறை மனைவி வீப்கேவுக்குக் கொடுத்திருந்தான். அவளும் உரிமம் பெற்ற விமானிதான்; ஆனால் தானே ஓட்டிக் கடல் தாண்டுவது முதல் தடவை.

“உயரம் என்ன? சத்தமா சொல்லு,” என்றான் ஹென்னிங்.

“மீட்டர் எதிர்லதானே இருக்கு, பாரேன்!”

“ஓட்டுறவதான் சொல்லணும். ஓடுபாதை தெரியுதா?”

“தெரியுது, வாத்தியாரே. பரீட்சை போதும்!”

புல்தரையில் இரண்டு முறை துள்ளி, பத்திரமாக இறக்கினாள். இருபது வருட நண்பன் யென்ஸ் ஓடிவந்து, சிரித்தபடி ஹென்னிங்கின் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

“நான் ஹென்னிங். நீங்க?”

யென்ஸின் சிரிப்பு நின்றது. வீப்கே கணவனைத் திரும்பிப் பார்த்தாள்.

“மார்ச்லேருந்து கண்ணு மங்கிப்போச்சு, யார் முகமும் தெரியல, வீப்கே. சொல்லியிருந்தா நீ கிளம்பியிருப்பியா?”

ஞாயிறு மாலை இருவரும் கீலுக்குத் திரும்பினார்கள். வீப்கேதான் ஓட்டினாள்.