பதின்மூன்றாம் வாய்ப்பாடு

"சேர், ஏன் நடக்கிறியள்? ரெண்டு பேரும் ஏறுங்கோ, கொண்டுபோய் விடுறன்!"

கீர்த்திகன் ஓட்டோவை ஓரங்கட்டினான். ஒருகாலத்தில் அவனுக்குக் கணிதம் படிப்பித்தவர் பஞ்சலிங்கம்.

"போடா! நடக்கவெண்டுதான் நடக்கிறம்."

இணுவிலில் இதுதான் தொல்லை. ஒரு மனுசர் காலாற நடந்தால் போதும், ஊரே வாகனத்தை நிறுத்தி ஏறச் சொல்லும். மனைவி பத்மாசினியைத் தனியே விட்டால் ஐந்தாவது நிமிடமே யாராவது ஏற்றிவந்து வீட்டுப் படலையில் இறக்கிவிடுவார்கள். அதனால்தான் நாலு மாதமாகக் காலையில் கணவரும் கூடவே காவல்.

"எங்கை விட்டனாங்கள்? பதிமூண்டு ஏழு?"

"எண்பத்தொண்டு?"

"கடவுளே! தொண்ணூத்தொண்டப்பா! நேற்றும் உதிலைதான் பிழை விட்டனீர்."

பத்மாசினி அசடு வழியச் சிரித்தாள். பஞ்சலிங்கம் அவளைக் கடைக்கண்ணால் பார்த்தார். ஒருநாள் இவள் தன்னையே பார்த்து "நீங்கள் ஆர்?" என்று கேட்டுவிட்டால்?

நாலு மாதத்துக்கு முன் கிளினிக்கில் டொக்டர் தயாளினி திகதி கேட்டார், கிழமை கேட்டார். ஒன்றுக்கும் பதில் வரவில்லை. பஞ்சலிங்கம் அப்போது ஓய்வுபெற்று, கதிரையே கதியென்று சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்த காலம். வாய் திறக்கவே அலுப்பு. "ஒவ்வொரு நாளும் வேகமா நடக்கவேணும். மூளைக்கு இரத்தம் நல்லா ஓடும், மனமும் தெளியும்" என்றார் டொக்டர்.

வீட்டுக்கு வந்ததும் பத்மாசினி அழுதாள். "எனக்கு மறதி வந்திட்டுதப்பா. நீங்கள் வராட்டி நானும் நடக்கமாட்டன்."

அன்று எழும்பியவர்தான். யார் சொல்லும் கேளாத மனிதர். ஆனால் திருத்துவதற்கு ஓர் ஆள் கிடைத்தால் விடுவாரா? நடைக்கு நடை, வாய்ப்பாட்டுக்கு வாய்ப்பாடு. இரவில் நல்ல நித்திரை, காலையில் பழைய பகிடிகள்கூடத் திரும்பி வந்துவிட்டன.

இன்று மறுபடி கிளினிக். "பயப்பிடாதையும். இண்டைக்கு ஒரு கை பாப்பம்" என்று மனைவியைத் தேற்றிக்கொண்டே உள்ளே போனார்.

டொக்டர் இருவரையும் பார்த்தார். "மூண்டு சொல்லு சொல்லுறன், மனசிலை வையுங்கோ. தேங்காய், திறப்பு, குடை. சரி, இண்டைக்கு என்ன கிழமை?"

பத்மாசினி மின்விசிறியைப் பார்த்தாள்.

"வியாழன்!" பஞ்சலிங்கத்தால் பொறுக்க முடியவில்லை.

"நூறிலையிருந்து ஏழு ஏழாக் குறைச்சுக்கொண்டு போங்கோ."

பத்மாசினி இப்போது யன்னலைப் பார்த்தாள்.

"தொண்ணூத்திமூண்டு, எண்பத்தாறு, எழுபத்தொன்பது, எழுபத்திரண்டு, அறுபத்தைஞ்சு…"

"அந்த மூண்டு சொல்லு?"

"தேங்காய், திறப்பு, குடை! டொக்டர், அவவுக்கு வெக்கம். வீட்டிலை எண்டால் எல்லாம் சொல்லுவா."

டொக்டர் சிரித்தபடியே எழுதினார். "முழுப் புள்ளி!"

"கேட்டீரே அப்பா! நீர் பாஸ்!" குதிக்காத குறையாக எழுந்த பஞ்சலிங்கம், மேசையிலிருந்த கிளினிக் கொப்பியை ஆவலோடு எடுத்தார். அட்டையில் நோயாளியின் பெயர் இருந்தது: பஞ்சலிங்கம்.

"பதிமூண்டு ஏழு தொண்ணூத்தொண்டு" என்றாள் பத்மாசினி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "பதிமூண்டு எட்டு நூத்திநாலு, பதிமூண்டு ஒன்பது நூத்திப் பதினேழு…"