டூல்பாரில் ஓர் இடைவெளி

சராந்திஸ் கம்ப்யூட்டர் முன் நாற்காலியில் உட்கார்ந்ததும் பாடத்தைத் திறக்கவில்லை. பிரவுசரின் மேல்வரிசையைத்தான் பார்த்தான்.

வீட்டுப் படம் போட்ட பட்டனுக்குப் பக்கத்தில் போன செவ்வாய்க்கிழமை நட்சத்திரப் பட்டன் இருந்தது. இன்று அந்த இடத்தில் பிரிண்டர் பட்டன் வந்திருந்தது.

தாடியைத் தடவிக்கொண்டு தனக்குள் சிரித்தான்.

சிறைப் பள்ளியில் இணையம் கிடையாது. பிரவுசரில் பாடங்கள் மட்டுமே திறக்கும். வகுப்பு முடிந்ததும் கைதிகள் எழுதியதெல்லாம் அழிந்துவிடும். மேல்வரிசையான டூல்பாரில் பட்டன்களை இழுத்து எங்கே வைத்தாலும் அது மட்டும் அப்படியே இருக்கும். அதை யாரும் ஒரு பொருட்டாக நினைக்கவில்லை.

அவன் தம்பி லாம்பிஸ் எதிர்க் கட்டடத்தில் இருந்தான். ஒரே வழக்கு என்பதால் பிரித்து வைத்திருந்தார்கள். சிப்பிப் பண்ணைக் கொட்டகைக்கு இருவரும் சேர்ந்து வைத்த தீயை, கோர்ட்டில் தம்பி தலையில் கட்டிவிட்டான் சராந்திஸ். தம்பிக்குத் தண்டனை கூடுதலாக விழுந்தது. அதன்பிறகு அண்ணன் எழுதிய கடிதங்கள் பிரிக்கப்படாமலே திரும்பி வந்தன.

வியாழக்கிழமைகளில் லாம்பிஸும் இதே நாற்காலியில்தான் உட்காருகிறான் என்று கம்ப்யூட்டர் டீச்சர் எவாந்தியா குளிர்காலத் தொடக்கத்தில் ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னாள். அன்றுதான் சராந்திஸுக்கு அந்த யோசனை வந்தது.

வீட்டுப் பட்டனை இழுத்து இடக்கோடியில் வைத்தான். பக்கத்தில் ஒரு பட்டன் அளவுக்கு இடைவெளி விட்டான். சின்ன வயதில் இருவருக்கும் ஒரே கட்டில். சுவரோரம் அவன், பக்கத்தில் தம்பி.

அடுத்த செவ்வாய் அந்த இடைவெளியில் நட்சத்திரம் உட்கார்ந்திருந்தது.

அவன் அழுததைப் பார்த்துக் காவலர் வந்து விசாரித்தார். பல்வலி என்றான்.

குளிர்காலம் முழுக்க அப்படியே போனது. ஒரு வாரம் அவன் ஒன்றை நகர்த்துவான். அடுத்த வாரம் பதிலுக்கு இன்னொன்று நகர்ந்திருக்கும்.

இன்று எவாந்தியா அவனருகே வந்து குனிந்தாள். அவனைப் பண்ணைச் சிறைக்கு மாற்றச் சம்மதித்துவிட்டார்கள் என்று அவள் கேள்விப்பட்டிருந்தாள். ஆலிவ் தோட்டம், திறந்த வெளி. அங்கே ஒரு நாள் உழைத்தால் தண்டனையில் இரண்டு நாள் கழியும். அவன் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. எப்போது கிளம்புகிறாய் என்று கேட்டாள்.

"போகலை டீச்சர். போனா இந்த நாற்காலி இல்லாமப் போயிடும். இப்பதான் அவன் கொஞ்சம் கொஞ்சமா எறங்கி வர்றான்."

அவள் என்னவோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் மணி அடித்துவிட்டது. அவன் அவசரமாகப் பிரிண்டர் பட்டனைத் தள்ளிவைத்து, புதிதாக ஓர் இடைவெளி விட்டுவிட்டு வரிசையில் போய் நின்றான்.

எல்லோரும் போனபின் எவாந்தியா அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

லாம்பிஸ் இந்த வரிசையைப் பார்த்தது ஒரே ஒரு வியாழக்கிழமைதான். இது யார் வேலை என்று கேட்டான். அவள் சொன்னாள். எல்லாப் பட்டன்களையும் பழைய நிலைக்குத் திருப்பிவிட்டு எழுந்தவன், வேறு நாற்காலி கேட்டு வாங்கிக்கொண்டான். பிறகு இந்தப் பக்கம் வரவே இல்லை.

சராந்திஸ் அதைப் பார்க்க வேண்டாம் என்று வீட்டுப் பட்டனை மறுபடியும் இடக்கோடிக்கு இழுத்து, பக்கத்தில் நட்சத்திரத்தை வைத்தவள் அவள்தான். அன்றிலிருந்து ஒவ்வொரு வாரமும் அவள்தான்.

டூல்பாரை மாற்றியமைக்கும் பக்கத்தைத் திறந்தாள். அடியில் இருந்தது, 'பழைய நிலைக்குத் திருப்பு'. அதன்மேல் அம்புக்குறியை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். கதவைப் பூட்டக் காவலர் சாவிக்கொத்தோடு வந்து நின்றார்.

அழுத்தினாள்.

தம்பி தந்த ஒரே பதிலை அண்ணனுக்காகத் திரையில் விட்டுவிட்டு, விளக்கை அணைத்தாள்.