குழாயின் முதல் தண்ணீர்

புல்வெட்டும் மிஷின் சட்டென்று நின்றது. ஹசிந்தோ திரும்பிப் பார்க்கவில்லை.

செவேரோ கைப்பிடியை விட்டிருப்பான். விட்டால் மிஷின் தானாக நின்றுவிடும். விட்டுவிட்டு மர நிழலுக்குப் போயிருப்பான். காலையிலிருந்து அவனுக்கு ஒரே முணுமுணுப்பு. இந்த வெயிலில் வெட்டினால் புல்லே கருகும், நாளை விடியற்காலையில் வந்து வெட்டுவோம் என்று.

"வெயில் பட்டாக் கறுத்துப் போயிருவியோ மாப்ளே? என் தங்கச்சி உன்னைக் கட்டினது நிழல்ல வச்சுப் பாத்துக்கவா?" என்று ஹசிந்தோதான் அவன் வாயை அடைத்திருந்தான்.

பாலைவன ஊரான ஃபீனிக்ஸில் ஜூலை மாதத்து மத்தியானம். வீட்டுக்கார அம்மாவின் பேத்திக்குப் பிறந்தநாள். பிள்ளைகள் குதிக்கிற காற்று மெத்தையைச் சாயங்காலமே கொண்டுவந்து புல்லில் விரித்துவிடுவார்கள். நாளைக்கு என்று தள்ள முடியாது.

ஹசிந்தோ கைமிஷினால் கல்பாதை ஓரமாகப் புல்லை நறுக்கிக்கொண்டே மூலைவரை போனான். மூலையில் திரும்பியபோதுதான் பார்த்தான்.

மிஷின் புல்தரை நடுவில் நின்றது. வெட்டிய வரிசை பாதியில் முடிந்திருந்தது. அது முடிந்த இடத்தில் செவேரோ குப்புறக் கிடந்தான்.

"நடிப்பு போதும், எந்திரி."

எழுந்திருக்கவில்லை.

கிட்டே போய்ப் புரட்டினான். செவேரோவின் வாய்க்குள் வெட்டுப்புல் ஒட்டியிருந்தது. துப்பவில்லை. முகம் சாம்பல் பூத்திருந்தது. சட்டை காய்ந்து மொடமொடவென்று இருந்தது. ஒரு பொட்டு வேர்வை இல்லை.

பொத்தான் தெறிக்கச் சட்டையைக் கிழித்தான். சுவரோரம் ரப்பர் குழாய் கிடந்தது. ஓடிப்போய்த் திருகி, இழுத்துவந்து மாப்பிள்ளையின் வயிற்றில் பாய்ச்சினான்.

தெறித்த தண்ணீர் முழங்கையில் பட்டதும்தான் உறைத்தது.

காலையிலிருந்து வெயிலில் கிடந்த குழாய். அதற்குள் நிற்கிற முதல் தண்ணீர் உலைத்தண்ணீர். இந்த ஊரில் தோட்டவேலை செய்கிற எவனும் அதை ஜல்லியில் கொட்டித் தீர்த்துவிட்டுத்தான் குழாயைப் புல்பக்கம் திருப்புவான். இல்லாவிட்டால் வேர் வெந்துபோகும்.

புல்லுக்கு ஒருநாளும் செய்யாததை மாப்பிள்ளைக்குச் செய்துவிட்டான்.

குழாயை எறிந்தான்.

செவேரோ கத்தவில்லை. துள்ளவில்லை. கொதிக்கக் கொதிக்க ஊற்றியும் ஒரு விரல் அசையவில்லை.

வீட்டுக்கார அம்மா போனும் கையுமாகக் கண்ணாடிக் கதவைத் திறந்தாள். ஆம்புலன்ஸ்காரர்கள் லைனில் இருந்தார்கள்.

"மூச்சு இருக்கா? கேக்குறாங்க, மூச்சு இருக்கா இல்லையா?"

அந்த அளவுக்கு அவனுக்கு இங்கிலீஷ் தெரியும். பதில்தான் தெரியவில்லை.

மார்பில் காதை வைத்தான். தன் நெஞ்சு அடிப்பதுதான் கேட்டது. கழுத்தில் விரலை வைத்தான். காலையிலிருந்து கைமிஷின் பிடித்த விரல் மரத்துப்போய் இன்னும் அதிர்ந்துகொண்டிருந்தது. தொட்ட இடமெல்லாம் நாடி துடிக்கிற மாதிரி இருந்தது. தரையைத் தொட்டான், அங்கேயும் துடித்தது.

செத்தவன் உடம்பு சில்லிட்டுவிடும் என்பார்கள். இங்கே ஜூலையில் எது சில்லிடும்? கல் கொதித்தது, மிஷின் கொதித்தது, செவேரோவும் கொதித்தான்.

தங்கச்சி நோயெமியிடம் என்ன சொல்வது? உன் புருஷன் விழுந்தான் என்றா, நான் அவனை வேகவைத்தேன் என்றா?

வெந்த இடத்தைப் பார்க்க முடியாமல் பார்த்தான்.

எல்லைக்கு அந்தப் பக்கம், சொனோராவில் அவன் வளர்ந்தது பன்றி அறுக்கிற கொட்டகையில். அறுத்த பன்றியின்மேல் கொதிதண்ணீர் ஊற்றி மயிரைச் சுரண்டுவார்கள். எத்தனை பானை ஊற்றினாலும் அந்தத் தோல் வெளுக்கத்தான் செய்யும். வெளுத்துக் கழன்று வரும். சிவக்காது. உயிர் போன தோல் சிவக்கவே சிவக்காது.

வெயிலே படாத வயிறு செவேரோவுக்கு. அதில் தண்ணீர் பாய்ந்த தடத்தில் ஒரு சிவப்பு மெல்ல ஏறிக்கொண்டிருந்தது.

ஹசிந்தோ கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தான். ஏறிக்கொண்டுதான் இருந்தது. தொப்புளைச் சுற்றி, விலாவரைக்கும், நெருப்பாட்டம்.

"சிவக்குது! அம்மா, சிவக்குது! சொல்லுங்க அவங்ககிட்ட, சிவக்குது!"

அவன் கத்தியது ஸ்பானிஷில். அவளுக்கு அதில் ஒரு வார்த்தை தெரியாது. அவள் கண்டது இவ்வளவுதான். ஒருவன் பேச்சுமூச்சில்லாமல் கிடக்கிறான், இன்னொருவன் அவன் வெந்த வயிற்றைக் காட்டிக் காட்டிச் சிரிக்கிறான்.

அவள் பின்னால் நகர்ந்தாள். கதவை இழுத்துச் சாத்தித் தாழ் போட்டாள்.

"போலீசையும் அனுப்புங்க" என்று அவள் போனில் சொன்னது கண்ணாடியைத் தாண்டிக் கேட்டது.

அந்த இங்கிலீஷும் அவனுக்குத் தெரியும். அந்த வார்த்தை காதில் விழுந்தால் வண்டி, மிஷின் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடவேண்டும் என்பதும் தெரியும். இந்த நாட்டில் இருக்கக் காகிதம் இல்லாமல் ஒன்பது வருஷமாக அவனும் செவேரோவும் அப்படித்தான் ஓடியிருக்கிறார்கள்.

புல்லில் பாம்பாகப் புரண்டுகொண்டிருந்த குழாயைப் பிடித்தான். தண்ணீரை முதலில் தன் கன்னத்தில் விட்டுப் பார்த்தான்.